ஆக்டோபஸ் தொட்டியை நான் அடைத்த விதம்

கலிஃபோர்னியா கடலோரத்து இருபுள்ளி ஆக்டோபஸுக்காக வீட்டில் உப்புநீர்த் தொட்டி அமைத்தேன். பெரிய தலைவலி மூடிதான். எலும்பே இல்லாத உடல், அதன் வாயிலுள்ள கடினமான அலகு நுழையும் இடைவெளி கிடைத்தால் முழுதாக வெளியே வந்துவிடும். கனமான அக்ரிலிக் மூடி போட்டு, சுற்றிலும் கிளிப்பால் இறுக்கினேன். குழாய்கள் நுழையும் இடங்களில் ஸ்பாஞ்ச் அடைத்தேன். பம்ப் உறிஞ்சும் வாயிலும் அதேதான், பாவம், ஆக்டோபஸின் கை மாட்டினால் பிய்ந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். செம்பு கொஞ்சம் கலந்தாலும் இதற்கு விஷம், அதனால் ஆர்.ஓ. நீரில்தான் உப்பு கரைக்கிறேன். கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அமோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே ஆக்டோபஸை உள்ளே விட்டேன். குளிர்நீர் இனம் என்பதால் சில்லர் (குளிர்விக்கும் கருவி) தண்ணீரை 18 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கிறது. நண்டு தின்ற மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அமோனியா மறுபடி ஏறும்.