அமுக்குவான் பேய் அமுக்கினால் கால் பெருவிரலை அசையுங்கள்

விழிப்பு வந்தும் உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தால் எழுந்திருக்கப் போராடாதீர்கள். கண்ணை இடமும் வலமும் உருட்டி, மூச்சை நிதானமாக விட்டு, கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

கனவு வரும் உறக்கத்தில் மூளை நம் கைகால்களைக் கட்டிப்போடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜமாகவே ஓடுவோம். அந்தக் கட்டு அவிழும் முன்பே விழித்துக்கொள்வதைத்தான் ஊரில் அமுக்குவான் பேய் என்கிறார்கள். கண்ணும், மூச்சை இயக்கும் தசையான உதரவிதானமும் அந்தக் கட்டுக்குள் அகப்படுவதில்லை, அதனால்தான் கண்ணிலும் மூச்சிலும் தொடங்கச் சொல்கிறேன். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் தானே விலகிவிடும். தலைமாட்டில் இரும்பு வைப்பது தைரியம் தந்தால் வையுங்கள், கத்தி மட்டும் வேண்டாம். மல்லாந்து படுக்கையில் இது அதிகம் வரும். ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

உடம்பு அசைந்த பிறகும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் இந்தக் குறிப்பை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பகலில் அடக்கமுடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் துவள்வதும் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.