ஒரே ஒரு கேள்விய வெச்சு கணக்கு, கோடிங், தத்துவம் மூணையும் நோண்டுறது எப்படி?

இந்த மூணுலயும் ஆர்வம் இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா மொதல்ல தடி புக்க தூக்காதீங்க, சின்னதா ஒரு கேள்விய புடிங்க. என் சாய்ஸ் எப்பவும் கொலாட்ஸ்ங்கிற கணக்குப் புதிர் தான். 1-க்கு மேல ஏதாவது ஒரு முழு எண், இரட்டைப்படைன்னா பாதியாக்கணும், ஒத்தப்படைன்னா மூணால பெருக்கி ஒண்ணு கூட்டணும், வர்ற எண்ணுக்கும் திரும்ப அதே. எல்லா எண்ணும் கடைசில 1-க்கு வந்துடுமா? 1937-ல இருந்து சுத்துற கேள்வி, இன்னும் யாரும் நிரூபிக்கல.

லேப்டாப்ப மூடி வெச்சுட்டு பேப்பர்ல போடுங்க. 7 எடுத்தா 22, 11, 34, 17, 52, 26, 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, 1. ஒத்தப்படைக்கு அப்புறம் எப்பவும் இரட்டைப்படைதான் வருதுன்னு கை வலிக்கும்போது தான் கண்ணுல படும், ஏன்னு நீங்களே நிரூபிச்சு பாருங்க, ரெண்டு வரிதான்.

அப்புறம் கோடிங். பைத்தான்ல ஒரு வைல் லூப் (1 வர்ற வரைக்கும் அதே வேலைய திரும்பத் திரும்ப செய்யுற வரிகள்) போதும். 27 குடுங்க, 9232 வரைக்கும் ஏறிட்டு மொத்தம் 111 ஸ்டெப்ல 1-க்கு இறங்கும். சி மொழில எழுதுறவங்க 113383 போட்டு பாருங்க, நடுவுல 2482111348 வரும், 32 பிட் இன்ட்ல (முழு எண்ணுக்கு ஒதுக்குற, 2147483647 வரைக்கும்தான் புடிக்கிற எடம்) அது கொள்ளாது, கண்டபடி விடை வரும். பைத்தான்ல இந்த தொல்லை இல்ல.

இப்ப ஒண்ண கூட்டுறதுக்கு பதிலா கழிங்க. 5 குடுத்தா 14, 7, 20, 10, திரும்ப 5, ப்ரோக்ராம் நிக்கவே நிக்காது. சரி, பாத்த எண்ணெல்லாம் ஒரு செட்ல போட்டு வெச்சா சுத்துறத புடிச்சிடலாம், ஆனா ஒரு எண் சுத்தாம மேல ஏறிட்டே இருந்தா? எவ்ளோ நேரம் காத்திருந்துட்டு "இது நிக்காது"ன்னு சொல்வீங்க? தத்துவம் இங்கதான் வந்து ஒக்காருது. எந்த ப்ரோக்ராம குடுத்தாலும் நிக்குமா நிக்காதான்னு சொல்ற பொது வழியே கிடையாதுன்னு கணித மேதை ஆலன் டூரிங் 1936-லயே காட்டிட்டார். அதுக்காக கொலாட்ஸுக்கு விடையே வராதுன்னு அர்த்தம் இல்ல, இத நெறைய பேர் குழப்பிக்கிறாங்க.

கோடிக்கணக்குல செக் பண்ணியாச்சு, அப்ப உண்மைதானேன்னு தோணும். போல்யாங்கிற கணிதவியலாளர் 1919-ல சொன்ன, எண்கள பத்தின ஒரு யூகமும் அப்படித்தான் சரியா வந்துட்டே இருந்துச்சு, அது மொதல்ல உடையிற எடம் 906150257.

அதனால நோட்டுல மூணு பத்தி போடுங்க: பாத்தது, நிரூபிச்சது, சும்மா நம்புறது. எதையாவது மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு மாத்துறீங்கன்னா பக்கத்துல காரணத்த எழுதுங்க, எழுத வரலன்னா மாத்தாதீங்க.