பைக்கில் ஸ்பீக்கர் மாட்டுவது எப்படி, நீட்டிப்பு உத்தரவாதம் வாங்கலாமா?

என் பைக் ஸ்பீக்கர் எட்டாவது மாதம் நின்றுபோனது. கம்பெனி உத்தரவாதம் ஆறு மாதம்தான். அதற்குமேல் 70 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து நீட்டித்து வைத்திருந்ததால் தைரியமாகக் கடைக்குப் போனேன். அவர்கள் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார்கள், உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் முழுக்கப் பச்சைக் களிம்பு. "தண்ணி போயிருக்கு, உத்தரவாதத்துல இது சேராது" என்றார்கள். புதிதாக மாட்டப்போகிறவர்களுக்கு இது நடக்கக்கூடாது.

வாங்கும்போது 'மேக்ஸ்' வாட்டை விடுங்கள், தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்டைப் பாருங்கள். அடுத்து, தூசும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அது ஸ்பீக்கருக்கு மட்டும், நாம் போடும் ஒயர் இணைப்புக்கு அல்ல.

மாட்டத் தொடங்கும்முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவிலிருந்து வரும் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வர வேண்டும். 60 வாட் இழுக்கும் ஆம்ப் (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும், அதற்கு 7.5 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸிலிருந்து ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 30 என்ற எண் போட்ட முனைக்கு, 87லிருந்து ஆம்புக்கு, 86க்குச் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒயர், 85 எர்த். இப்படிச் செய்தால் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது பேட்டரி இறங்காது. பைக்கின் சொந்த ஒயரை வெட்டாதீர்கள். வெட்டினால் நாளைக்கு வண்டியில் மின்கோளாறு வரும்போது அதன் உத்தரவாதத்துக்கும் சிக்கல் வரலாம்.

நம் ஊர் மழைக்கு இதுதான் முக்கியம்: கனெக்டருக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரத்தைத் தடுக்கும் கிரீஸ்) தடவுங்கள். ஒயர் கனெக்டருக்குள் நுழையும்முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கடைசியாக, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உத்தரவாதம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்புக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். 200 வெள்ளி ஸ்பீக்கருக்கு 70 வெள்ளி நீட்டிப்பு வேண்டவே வேண்டாம் என்பேன், அந்தக் காசை நல்ல கனெக்டருக்கும் கூலிக்கும் போடுங்கள். ஹோண்டா கோல்ட் விங் மாதிரி ஆடியோவோடு வரும் பெரிய வண்டி வேறு கதை. திரையோடு சேர்ந்த யூனிட் போனால் செலவு பெரிது, அதற்கு நீட்டிப்பு வாங்குவது நியாயம்.

வாங்கினால் கையெழுத்துக்கு முன் நாலு கேள்வி: தண்ணீர் புகுந்தால் உண்டா, கூலி சேருமா, வேறு பட்டறையில் மாட்டினால் செல்லுமா, கடை மூடினால் யார் பொறுப்பு? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், ரசீதை அன்றைக்கே போனில் படம் பிடித்து வையுங்கள்.