அதிகச் சம்பளக் கைத்தொழில்: கையெழுத்துப் போடுமுன் சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள்

பைப் வெல்டராகத் தொடங்கி, இப்போது வெல்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த வேலைக்கு அண்ணே சம்பளம் அதிகம்?" என்றுதான். நியாயமான கேள்வி. உயர் அழுத்தக் குழாய் வெல்டிங், உயர் மின்அழுத்த லைன்மேன் வேலை, லிஃப்ட் மெக்கானிக், டவர் கிரேன் ஆபரேட்டர், எண்ணெய்க் கிணற்று வேலை, கயிற்றில் தொங்கிச் செய்யும் ரோப் ஆக்சஸ், கடலடி டைவிங். எங்கே போய்க் கேட்டாலும் ஏறக்குறைய இதே பெயர்கள்தான் வரும். அந்தப் பணத்தை எதற்காகத் தருகிறார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நான் சொல்லித்தரும் வழி இது. ஆஃபர் கைக்கு வந்ததும் சம்பளத்தை நான்காகப் பிரியுங்கள்: திறமைக்கு எவ்வளவு, ஆபத்துக்கு எவ்வளவு, வீட்டைவிட்டு விலகியிருப்பதற்கு எவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு. தோராயமாக வந்தால் போதும். திறமைக்கு வரும் பணம் அடுத்த கம்பெனிக்கும் உங்களோடு வரும். மற்ற மூன்றும் நீங்கள் போவதை நிறுத்திய மாதமே நின்றுவிடும். இருபத்தைந்து வயதில் அந்த மூன்றையும் நம்பி ஓடலாம், தப்பில்லை. நாற்பதிலும் அதே கணக்கு என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நேரத்துக்கான பங்கிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். மாதச் சம்பளத்தை வைத்து இரண்டு வேலைகளை ஒப்பிடாதீர்கள், மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். கடல் மேடைகளில் 28 நாள் வேலை, 28 நாள் விடுப்பு என்ற சுற்று உண்டு. நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 28 நாளில் 336 மணி. எட்டு வாரத்துக்கு அதைப் பரப்பினால் வாரத்துக்கு 42 மணிதான் வருகிறது. அதே 12 மணி ஷிஃப்டில் 14 நாள் வேலை, 7 நாள் விடுப்பு என்றால் வாரத்துக்கு 56 மணி. ஆள் எடுக்கும் ஏஜென்ட் இரண்டையும் ஒன்றுபோலத்தான் பேசுவார். போகவர ஆகும் நாட்கள் யார் கணக்கில், விடுப்பு நாளுக்குச் சம்பளம் உண்டா, இரவு ஷிஃப்ட் எத்தனை வாரம் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது திறமை. எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன். குழாய் வெல்டிங்கில் நல்ல சம்பளத்துக்கு வாசல் 6ஜி டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்ப முடியாது, நீங்கள்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் தலைக்கு மேலே பார்த்தபடி தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, உச்சியில் முடிக்க வேண்டும். ஏறும்போது ஒவ்வொரு இடத்திலும் கைக்கோணம் மாறும், உருகிய உலோகம் வழியும் திசையும் மாறும். பல இடங்களில் அடியில் விழும் முதல் வெல்டான ரூட் பாஸை டிக்கில் (ஆர்கான் வாயுக் காப்பில் செய்யும் வெல்டிங்) போட்டு, மேலே 7018 என்ற வெல்டிங் ராடில் நிரப்புவார்கள். அந்த ராடை அடுப்பில் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஈரம் ஏறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், வேலை முடிந்து மணிக்கணக்கு கழித்துக்கூட வெடிப்பு விழும். கடைசியில் எக்ஸ்ரே எடுப்பார்கள், இல்லையென்றால் துண்டாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். வெளியே தெரியும் மேலடுக்கான கேப்பிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே ரூட் பிடிக்கவில்லை என்றால் ஃபெயில்தான்.

பழக மாதக்கணக்கில் ஆகும் வித்தை இது. அதனால்தான் காசு. ஆனால் இந்தத் திறமைக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) செக்ஷன் 9 விதிப்படி, ஒரு வெல்டிங் முறையை 6 மாதம் தொடர்ந்து செய்யாமல் விட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதி. கம்பெனி மாறினாலும் பெரும்பாலும் புதிதாக டெஸ்ட் கொடுத்தாக வேண்டும். ஆகவே டெஸ்ட் ரிப்போர்ட், எந்தத் தேதியில் எந்த முறையில் வேலை செய்தீர்கள் என்ற பதிவு, இரண்டின் நகலையும் வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரோப் ஆக்சஸுக்குப் போகிறவர்களுக்கும் இதே புத்திதான். அந்த வேலைக்குச் சான்று தரும் ஐராட்டா அமைப்பில் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போக 1,000 மணி நேரமும் ஓராண்டும் வேண்டும். பதிவேட்டில் ஏறாத மணி நேரம் கணக்கில் வராது.

ஆபத்துக்கான பங்கு இரண்டு விதம். ஒன்று கண்ணுக்குத் தெரியும்: உயரம், மின்சாரம், நெருப்பு. இன்னொன்று மெதுவாக வரும், நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் புகையில் குரோமியம் ஆறு (குரோமியத்தின் நச்சு வடிவம்), நிக்கல் இரண்டும் கலந்திருக்கும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்த அன்று மாலை காய்ச்சலும் நடுக்கமும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஃபோர்மேனிடம் வேலை செய்யாதீர்கள். கிரைண்டர் சத்தம் 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது பரிந்துரை. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். காது போனது தெரியவரும்போது வருடங்கள் ஓடியிருக்கும். வேலையில் சேரும் வாரமே காது, நுரையீரல், கண் மூன்றையும் சோதித்து, ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் நஷ்டஈடு கேட்க நேர்ந்தால் ஒப்பிட்டுக் காட்ட அதுதான் இருக்கும்.

ஆர்கானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டெயின்லெஸ் குழாயில் ரூட் கருகாமல் இருக்க உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்புவோம். அது காற்றைவிடக் கனம், நிறமில்லை, மணமில்லை. பெரிய குழாயில் ரூட்டைப் பார்க்கலாம் என்று தலையை நுழைத்தால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. நாம் வெளிவிடும் கரியமில வாயு வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருப்பதால் உடம்புக்கு எச்சரிக்கையே வராது. ஆக்சிஜன் இல்லாமல் ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார்கள். இழுக்கப் போகிறவரும் அங்கேயே விழுவார். மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் உள்ளே போகக் கூடாது, யார் அவசரப்படுத்தினாலும் சரி.

அதனால் நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். அடைபட்ட இடத்துக்குள் ஆளை அனுப்புமுன் வாயுவை யார் அளக்கிறார், வெளியே காவலுக்கு ஆள் நிற்பாரா? இயந்திரத்தை நிறுத்திப் பூட்டும்போது ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு உண்டா, சாவி அவரவர் பையில்தானே? ஆபத்து என்று பட்டால் ஹெல்பர்கூட வேலையை நிறுத்தலாமா? நல்ல இடத்தில் இதற்கெல்லாம் சட்டென்று பதில் வரும். சம்பளம் மட்டும் மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்து, இந்தக் கேள்விகளுக்கு மழுப்பல் பதில் வந்தால், அந்த அதிகப்படியான பணம் உங்கள் உயிருக்கான விலை. விட்டுவிடுங்கள்.

வீட்டைவிட்டு விலகியிருப்பதற்கு டைவர்களைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. ஆழ்கடலில் சாச்சுரேஷன் முறையில் வேலை செய்கிறவர்கள் வாரக்கணக்கில் அழுத்த அறையிலேயே வாழ்கிறார்கள். வேலை முடிந்தாலும் உடனே வெளியே வர முடியாது. ஒவ்வொரு 30 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் ஒரு நாள், அதோடு மொத்தத்துக்கும் சேர்த்து இன்னொரு நாள் என்று அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 100 மீட்டர் என்றால் நாலு நாளுக்கு மேல். வீட்டில் ஒரு மரணம் என்று செய்தி வந்தாலும் அவர் கப்பலிலேயே, இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார். மற்ற வேலைகளில் இவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் ஆஃபரைக் காட்டும்போது வீட்டில் இருப்பவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். எத்தனை விசேஷம், எத்தனை காய்ச்சல் நாள் நீங்கள் இல்லாமல் போகும் என்பது அவர்கள் தலையிலும் விழும் கணக்கு.

பணம் வரத் தொடங்கியதும் மெலிந்த மாதத்தின் வருமானத்துக்குள் குடும்பத்தை ஓட்டுங்கள். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலையில் இரண்டு மாதம் கொட்டும், அப்புறம் அடுத்த அழைப்பு வரும்வரை ஒன்றும் இருக்காது. கொட்டிய மாதத்தை நம்பித் தவணைக்கு வண்டி எடுத்தவர்தான், மேலே சொன்ன மழுப்பல் இடத்துக்கும் மறுக்க முடியாமல் போகிறார்.

கூடவே, உடம்பு நன்றாக இருக்கும்போதே அடுத்த படிக்குத் தயாராகுங்கள். வெல்டருக்கு இன்ஸ்பெக்டர் வேலை இயல்பான அடுத்த படி. அதற்கு சிஎஸ்டபிள்யூஐபி 3.1, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சிடபிள்யூஐ போன்ற சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கண் பரிசோதனையும் உண்டு, பக்கத்தில் உள்ள சின்ன எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவே டேக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சின்ன வெல்டு) அடிக்கும் ஒரு நொடிக்குக்கூட முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் பழக்கம் வேண்டாம்.