எஸ்பிடியின் வாக்குகள் எங்கே போயின? தேர்தல் முடிவை நீங்களே வாசிக்க ஒரு வழி

ஜேர்மனியில் தேர்தல் இரவு வந்தால் எங்கள் வீட்டில் எப்போதும் இதே கதைதான். தொலைக்காட்சியில் எஸ்பிடியின், அதாவது தொழிலாளர் கட்சியாக அறியப்பட்ட சமூக ஜனநாயகக் கட்சியின், சிவப்புக் கம்பம் இறங்கி, குடிவரவை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் நீலக் கம்பம் ஏறும். மருமகன் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவான்: "பார்த்தீங்களா மாமா, எஸ்பிடிக்குப் போட்ட தொழிலாளர் எல்லாம் ஏஎஃப்டிக்குப் போயிட்டினம். எங்களை மாதிரி ஆக்கள் வந்ததாலதான்."

நான் 1986இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, மேற்கிலுள்ள நிலக்கரிச் சுரங்கப் பிரதேசமான ரூர் பகுதியிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன். அவன் சொல்வதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை அவனுக்குக் காட்டிய முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் போதும். முடிவுகள் எல்லாம் கூட்டாட்சித் தேர்தல் ஆணையாளரின் இணையத்தளத்தில் இருக்கின்றன.

முதலில் வீதங்களை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். ஜேர்மனியில் ஆளுக்கு இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. கட்சிக்கு விழுந்த இரண்டாவது வாக்கை மட்டும் எடுங்கள். தாளின் இடப்பக்கம் எஸ்பிடி என்று எழுதி, கீழே ஒவ்வொன்றாக நிரப்புங்கள். எஸ்பிடியின் ஷ்ரோடர் வென்று சான்சலரான 1998இல் 2 கோடியே 2 லட்சம். 2002இல் 1 கோடியே 85 லட்சம். 2005இல் 1 கோடியே 62 லட்சம். 2009இல் ஒரு கோடிக்குக் கிட்டத்தட்டப் பத்தாயிரம் குறைவு.

பதினொரு வருடத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள். இப்போது வலப்பக்கம் ஏஎஃப்டி என்று எழுதி, அதே நான்கு தேர்தல்களையும் நிரப்பப் பாருங்கள். நிரப்ப ஒன்றும் இருக்காது. அந்தக் கட்சி தொடங்கியதே 2013 பெப்ரவரியில். மருமகன் அந்த நான்கு வெறும் கட்டங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

இங்கே கேள்வி இரண்டு. எஸ்பிடி ஏன் விழுந்தது என்பது ஒன்று, ஏஎஃப்டி ஏன் வளர்ந்தது என்பது இன்னொன்று. ஒரே பதிலை இரண்டுக்கும் பொருத்தப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

அடுத்து, வாக்களிப்பு வீதத்தை நடுவில் எழுதுங்கள். 1998இல் 82.2. 2009இல் 70.8. போனவர்களில் பலர் வேறு கட்சிக்கே போகவில்லை, வீட்டில் இருந்துவிட்டார்கள். ஒரு பகுதி இடதுசாரிக் கட்சிக்குப் போனது. அது 2009இல் 11.9 வீதம் எடுத்தது. இன்னொரு பகுதி பழமைவாதக் கட்சியான சிடியுவின் தலைவி மேர்க்கலிடம் போனது.

சரி, ஏன்? தாளின் ஓரத்தில் தேர்தல்களுக்கு நடுவே சட்டங்களின் திகதிகளைக் குறியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், முக்கியமானது இதுதான். 2003 மார்ச் 14: ஷ்ரோடர் நாடாளுமன்றத்தில் 'அஜெண்டா 2010' என்ற சீர்திருத்தத் திட்டத்தை அறிவிக்கிறார். 2005 ஜனவரி 1: அதன் பகுதியான 'ஹார்ட்ஸ் 4' என்ற வேலையில்லாதோர் உதவிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதுவரை, நீண்ட காலம் உழைத்து வேலை இழந்தவருக்குப் பழைய சம்பளத்தை ஒட்டி உதவித்தொகை வரும். புதிய சட்டப்படி, பெரும்பாலானோருக்கு 12 மாதம் முடிந்ததும் மேற்கு ஜேர்மனியில் மாதம் 345 யூரோ, அதோடு வாடகை. முப்பது வருடம் வேலை செய்தவருக்கும் ஒரு நாள்கூடச் செய்யாதவருக்கும் அதே தொகை.

என்னோடு வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர் முன்பு சுரங்கத்தில் இருந்தவர், எஸ்பிடியின் சிவப்பு உறுப்பினர் புத்தகத்தை அலுமாரியில் வைத்திருந்தவர். நாங்கள் இருந்த நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது அவருக்கு 53 வயது. விண்ணப்பப் படிவத்தை எங்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்துத்தான் நிரப்பினார், 16 பக்கம். வீட்டின் சதுர மீற்றர், காரின் விலை, எல்லாவற்றையும் எழுதினார். மகளின் சேமிப்புப் புத்தகத்தைப் பற்றிய கேள்வி வந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினான்கு வயது. "இதை எங்கள் கட்சி கேட்கிறது" என்றார். 345 யூரோ குறைவு என்று அவர் ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை.

மதிப்புக்கூட்டு வரியையும் எழுதுங்கள். 2005 தேர்தலில் மேர்க்கல் அதை 16இலிருந்து 18 ஆக்குவேன் என்றார். 'மேர்க்கல் வரி' வேண்டாம் என்று எஸ்பிடி சுவரொட்டி ஒட்டியது. பிறகு இருவரும் கூட்டாக ஆட்சி அமைத்தார்கள். இரண்டு என்றவருக்கும் பூச்சியம் என்றவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடந்து, 2007இல் வந்தது மூன்று: 19 வீதம். அதே வருடம் ஓய்வூதிய வயது 67 என்று சட்டமானது, அதைக் கொண்டுவந்த தொழில் அமைச்சரும் எஸ்பிடி. 2005க்கும் 2009க்கும் இடையில் மட்டும் 62 லட்சம் வாக்குகள் காணாமல் போனது ஏன் என்று பிறகு தனியாக விளக்கத் தேவையில்லை.

பழி எல்லாம் ஷ்ரோடருக்குத்தான் என்று எழுதிவிட்டாலும் பிழை. வேலையில்லாதவர்கள் 2005இல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள், 2011இல் 30 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தார்கள். அஜெண்டாவின் ஆதரவாளர்கள் இதைத்தான் காட்டுவார்கள், அதில் நியாயமும் உண்டு. அதோடு கட்சியின் தரையே கரைந்துகொண்டிருந்தது. ஜேர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் 1991இல் 1 கோடியே 18 லட்சம் பேர், இப்போது 60 லட்சம்கூட இல்லை. ரூர் பகுதியின் பொட்ரொப் நகரில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. சுரங்கம் போனால் சங்கக் கூட்டமும், அது முடிந்து பியர் குடிக்கும் இடமும் போய்விடும். கட்சிக்கு ஆள் சேர்ந்தது அங்கேதான்.

இப்போது வலப்பக்கத்தை நிரப்பலாம். ஏஎஃப்டி 2013இல் 20 லட்சம், அப்போது அது யூரோ நாணயத்தை எதிர்த்த கட்சி. 2015இல் அகதிகள் பெருமளவில் வந்த பிறகு, 2017இல் 59 லட்சம். 2021இல் 48 லட்சம். 2025இல் 1 கோடியே 3 லட்சம். எஸ்பிடிக்கு அந்த வருடம் 81 லட்சம்தான். இந்தப் பக்கத்தில் குடிவரவுக்குப் பெரிய இடம் உண்டு, மருமகன் சொன்ன பாதி இதுதான். ஆனால் 2025 தேர்தல் இரவு வந்த வாக்கு நகர்வு மதிப்பீட்டைப் பாருங்கள் (மதிப்பீடுதான், எண்ணிக்கை அல்ல). எஸ்பிடியிலிருந்து ஏஎஃப்டிக்குப் போனது சுமார் 7 லட்சம். சிடியு பக்கம் போனது 17 லட்சத்துக்கு மேல். ஏஎஃப்டிக்கு அதிகம் வந்தது முன்பு வாக்களிக்காமல் இருந்தவர்களிடமிருந்து, சுமார் 18 லட்சம். வீட்டில் இருந்தவர்களை எழுப்பிக் கூட்டிப்போனது அந்தக் கட்சி. தொழிலாளரில் 38 வீதம் ஏஎஃப்டிக்கும் 12 வீதம் எஸ்பிடிக்கும் போட்டதாக அன்றைய கருத்துக்கணிப்பு சொன்னது.

கடைசியாக ஒரு ஊரை எடுத்துப் பாருங்கள். நான் எடுத்தது ரூர் பகுதி நகரமான கெல்சன்கியர்சன். ஒரு காலத்தில் அங்கே வாக்குகளில் பாதிக்கு மேல் எஸ்பிடிக்குத்தான். 2025இல் இரண்டாவது வாக்கில் ஏஎஃப்டி மயிரிழையில் முந்தியது. முதலாவது வாக்கில் எஸ்பிடி வேட்பாளர் வென்றார். அதே வருடம் செப்டெம்பரில் நடந்த மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றிலும் எஸ்பிடியே வென்றது. ஒரே ஊர், ஒரே சனம்.

தாள் நிரம்பியதும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஆனால் "யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள், வாய் திறக்கமாட்டார்கள். "எஸ்பிடிக்குக் கடைசியாக எந்த வருடம் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். வருடத்தைச் சொல்லத் தயங்குபவர் குறைவு, அந்த வருடத்தை உங்கள் தாளில் தேடினால் காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

என் பழைய நண்பரிடமும் கேட்டேன். "2002" என்றார். "ஷ்ரோடர் ஈராக் போருக்குப் போகமாட்டேன் என்றாரே, அதுக்காக." அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் மகள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். அந்தச் சேமிப்புப் புத்தகத்தில் 600 யூரோ இருந்ததாம்.