செற்ற மாத்த முதல் கதிரைய மாத்திப் பாருங்கோ

பாட்டுச் செற் பைத்தியம் பிடிச்ச எங்கட ஆக்களிட்ட, உங்கட செற் உங்களுக்குத் திருப்தியோ எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." எண்டுதான் மறுமொழி வரும். அந்த ஆனாவுக்குப் பின்னால எப்பிடியும் ஒரு புது அம்ப் (அம்பிளிஃபயர்) வாங்குற கதை நிக்கும். நானும் அதுக்குள்ள விழுந்த ஆள்தான். திருகோணமலை உவர்மலையில இருக்கேக்க பாஸ் (அடித்தொனி) காணாது, பாஸ் காணாது எண்டு புலம்பிப் புலம்பி கடைசியா 50 வாட் அம்பைக் குடுத்திட்டு சேத்து வச்ச காசையும் போட்டு 100 வாட் ஒண்டு எடுத்தன், கொண்டந்து கொழுவினா அதே சவுண்ட்தான். பிறகு பக்கத்து வீட்டு அண்ணை ஒருத்தர் வந்து சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு பின்னால டோச் அடிச்சுப் பாத்திட்டு, "தம்பி, இடது ஸ்பீக்கர் பெட்டிக்கு சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிக் கிடக்கு" எண்டார். ரெண்டு ஸ்குரூ கழட்டிப் பூட்டினவுடன பாஸ் வந்து நிண்டுது. செலவு சதமும் இல்லை.

அதால சொல்லுறன், காசெடுக்க முதல் ஒரு கொப்பி எடுங்கோ. ஒரு கிழமைக்கு ஒண்டும் வாங்காம, கேக்குற நேரமெல்லாம் எந்தப் பாட்டு, எந்த இடத்தில என்ன பிழையாப் பட்டது எண்டு எழுதுங்கோ. "சவுண்ட் சரியில்லை" எண்டு எழுதினா கணக்கில்லை. குரல் வலப்பக்கம் இழுக்குது, ச எண்ட எழுத்து வரேக்க காதில குத்துது, இப்பிடி எழுதோணும். எழும்பாம முழு சீடியையும் கேட்டு முடிச்ச நாளையும் எழுதுங்கோ. அந்த நாள்தான் கூட எண்டா உங்கட செற்றில பிழையில்லை, ஆற்றயோ வீட்டுச் செற்றைப் பாத்து வந்த அரிப்புத்தான் அது.

எதோட ஒப்பிட்டுக் கேக்குறது? எங்களுக்கு அதுக்குக் குறைவில்லை, பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில தவிலுக்குப் பக்கத்தில நிண்ட காதுதானே. வலந்தலையில (வலப்பக்கத் தோலில) விரல் கூடு விழேக்க வெடிக்கிற அந்தச் சத்தமும், தொப்பியில (இடப்பக்கத் தோலில) கழி விழேக்க நெஞ்சில வந்து இடிக்கிறதும் உங்களுக்குத் தெரியும். நல்லா ரெக்கோட் பண்ணின நாதஸ்வரக் கச்சேரி ஒண்டைப் போடுங்கோ. கூட்டுச் சத்தம் மழுங்கினா மேல் பக்கத்தில (கீச்சுத் தொனியில) பிழை, கழிச் சத்தம் "பொத்" எண்டு நீண்டு ஊதிக்கொண்டு போனா கீழ்ப் பக்கத்தில (பாஸில). கீழ்ப் பக்கத்துப் பிழை கனக்க வீட்டில ரூமாலதான் வாறது.

இப்ப கதிரைக்கு வாங்கோ. ஒரு கயிறு எடுத்து ரெண்டு பெட்டிக்கும் இடையில எவ்வளவு எண்டு அளவுங்கோ, 6 அடி எண்டா உங்கட தலையும் ஒவ்வொரு பெட்டியில இருந்தும் அதே 6 அடியில இருக்கோணும், ட்வீட்டர் (கீச்சுத் தொனி வாற சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வரோணும். எங்கட ஆக்கள் ஒரு பெட்டிய அலுமாரிக்கு மேலயும் மற்றதை டிவிக்குப் பக்கத்திலயும் வச்சிட்டு ஸ்டீரியோ கேக்கினம். பெட்டி சுவரோட ஒட்டினா பாஸ் கூடும், மூலைக்குள்ள போனா இன்னும் கூடும், அதால சுவரில இருந்து ஒண்டு ரெண்டு அடி முன்னுக்கு இழுத்துப் பாருங்கோ. நீளம் 11 அடி ரூம் எண்டா 50 ஹேர்ட்ஸ் மட்டத்தில, அதாவது ஆழமான பாஸில, ஒரு அலை வந்து தேங்கும், சுவரோட சாஞ்சு இருந்தா பாஸ் மொத்தையாக் கேக்கும், நடுவில இருந்தா அந்த இடமே வெறுமையாப் போகும். கதிரைய அரை அடி அரை அடியாத் தள்ளிப் பாத்தா நீங்களே சிரிப்பியள், அவ்வளவு வித்தியாசம்.

ரூமுக்குள்ள நிண்டு கையைத் தட்டுங்கோ. டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், திரைச்சீலை இல்லை எண்டா "டிர்ர்ங்" எண்டு ஒரு வால் இழுக்கும். பாய் விரிச்சுப் பிரியோசனம் குறைவு, பஞ்சு மெத்தையை எதிர்ச் சுவரில சாத்துங்கோ, புத்தக ராக்கை வையுங்கோ. ஃபான் சத்தம் வேற இருக்கு, கச்சான் காத்து வெக்கையா அடிக்கிற காலத்தில அதை நிப்பாட்டச் சொல்லி நான் ஆருக்கும் சொல்லமாட்டன், கொப்பி எழுதுறதை ராவில வச்சுக்கொள்ளுங்கோ.

திருகோணமலையில கடலுக்குத் தூரத்தில இருக்கிற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு கரைச்சல் உப்புக் காத்து. மூண்டு பக்கமும் கடல். ஸ்பீக்கர் வயரின்ட நுனியைக் கழட்டிப் பாத்தா செம்பு பச்சையாப் பூத்துக் கிடக்கும், நகத்தால சுரண்டினா மாவாக் கொட்டும். அரை அங்குலம் வெட்டி எறிஞ்சிட்டு மினுங்குற செம்பு தெரியச் சீவி, முறுக்கி, இறுக்கிப் பூட்டுங்கோ, சிவப்புக்குச் சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு. மாரி முடிஞ்சா ஒவ்வொரு வருசமும் இதைச் செய்யோணும். அம்புக்குப் பின்னால வயர் கொழுவுற சொக்கெற்றுகளை ஐசோபுரொபைல் அல்கஹோலால துடையுங்கோ. வொலியூம் திருப்பேக்க கரகரக்குதெண்டா பிளக்கைக் கழட்டிப் போட்டு முப்பது தரம் அங்கயும் இஞ்சயும் திருப்பிப் பாருங்கோ, பாதிக்குச் சரிவரும். அம்பைத் திறக்க மட்டும் வேண்டாம், கரண்ட் எடுத்தாலும் உள்ளுக்குள்ள கப்பாசிட்டர் சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும்.

ஊஃபரை (பாஸ் வாற பெரிய ஸ்பீக்கரை) சுத்தி இருக்கிற வளையத்தை விரலால மெதுவாத் தொடுங்கோ. ஃபோம் எண்டா இந்த ஈரத்துக்கு பத்து இருபது வருசத்தில பழைய பிஸ்கட் மாதிரி உதிரும், விரலில கறுப்பா ஒட்டும். கோன் நல்லா இருந்தா வளையத்தை மட்டும் மாத்தலாம், பெட்டியையே தூக்கி எறிஞ்சு போட்டுப் பிறகு அழுதவை இருக்கினம்.

இடி மின்னல் காலத்தில பிளக், அன்டெனா, கேபிள் எல்லாத்தையும் கழட்டி வையுங்கோ. சுவிச்சை மட்டும் நிப்பாட்டிறது காணாது.

இவ்வளவும் செய்தும் கொப்பியில அதே பிழை திருப்பித் திருப்பி வருகுதெண்டா, சரி, கடைக்குப் போங்கோ. வாட்டைப் பாத்து மயங்க வேண்டாம், 50 இல இருந்து 100 வாட்டுக்குப் போனா கூடுறது 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) தான். ரெண்டு மடங்கு சத்தமாக் காதுக்குப் படோணும் எண்டா ஏறக்குறைய 10 மடங்கு பவர் வேணும். மாத்துறதெண்டா முதல்ல ஸ்பீக்கரை மாத்துங்கோ. ரெண்டை ஒப்பிட்டுக் கேக்கேக்க ஃபோனில சவுண்ட் மீட்டர் அப் போட்டு ரெண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்திட்டுக் கேளுங்கோ, ஏனெண்டா ஒரு டெசிபெல் கூடக் கேட்டாலும் காது அதைத்தான் நல்லது எண்டு சொல்லும், விக்கிறவருக்கும் அது வடிவாத் தெரியும். அந்தத் தவில் சீடியையும் கையோட கொண்டு போங்கோ, ரெண்டு கிழமைக்குள்ள திருப்பித் தரலாமோ எண்டும் காசு குடுக்க முதல் கேளுங்கோ, கடையின்ட ஏசி ரூமில கேட்ட பாஸ் உங்கட ஹோலுக்குள்ள வராது.

என்ட 100 வாட் அம்ப் இன்னும் இருக்கு. வொலியூமை ஒருநாளும் கால்வாசிக்கு மேல திருப்பினதில்லை.