எண்ணிக்கைத் தரவுக்கு மாதிரி பொருந்துகிறதா? கை வர்க்கச் (χ², chi-square) சோதனையை நடத்தும் முறை

சோதனையில் கிடைத்த எண்ணிக்கைகள் பாய்சான் பரவலுக்கு (ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரியில் நிகழும் நிகழ்வுகளின் எண்ணிக்கையை விவரிக்கும் கணித மாதிரி) பொருந்துகின்றனவா என்று கை வர்க்கச் சோதனையால் சரிபார்க்கும் முறையைக் கற்க விரும்புவோர், நம்பகமான பழைய தரவு ஒன்றை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் தாமே போட்டுப் பார்ப்பது நல்லது. 1910-இல் இயற்பியலாளர்கள் ரதர்ஃபோர்டும் கைகரும் வெளியிட்ட தரவு இதற்கு மிகவும் ஏற்றது. பொலோனியத்திலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்கள் துத்தநாக சல்பைடு திரையில் பட்டு மின்னியதை அவர்கள் ஏழரை வினாடி இடைவெளிகளாகப் பிரித்து எண்ணினார்கள். மொத்தம் 2608 இடைவெளிகளில் 10,097 துகள்கள் பதிவானதால், ஓர் இடைவெளிக்கான சராசரி 3.87 ஆகிறது.

முதலில், மாதிரி சரியென்று கொண்டால் எத்தனை இடைவெளிகளில் 0, 1, 2 என்று துகள்கள் விழுந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட வேண்டும். துகளே விழாத இடைவெளிகள், 2608-ஐ e-இன் −3.87 அடுக்கால் பெருக்கினால், 54.4 என்று வரும். அதைச் சராசரியால் பெருக்கினால் ஒரு துகளுக்குரிய 210.5 கிடைக்கும், அதை மீண்டும் சராசரியால் பெருக்கி 2-ஆல் வகுத்தால் இரண்டு துகளுக்குரிய 407.4 கிடைக்கும், இப்படியே 3, 4 என்று வகுத்துக்கொண்டு போகலாம். உண்மையில் பதிவானவை முறையே 57, 203, 383.

எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போகும் பிரிவுகளைத் தனியே விடக் கூடாது. இங்கே 11 துகளுக்கு ஏறத்தாழ 4 மட்டுமே வருவதால், 10-உம் அதற்கு மேற்பட்டவையும் ஒரே பிரிவாகச் சேர்க்கப்படுகின்றன (எதிர்பார்த்தது 17.1, பதிவானது 16). எங்கே சேர்ப்பது என்பதை விடையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். விடை தெரிந்த பிறகு பிரிவுகளை மாற்றுவது சோதனையையே பொருளற்றதாக்கிவிடும்.

பிறகு ஒவ்வொரு பிரிவிலும் வேறுபாட்டின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டினால் 12.9 வருகிறது. சதவீதங்களை வைத்து இதைக் கணக்கிடக் கூடாது, எண்ணிக்கைகளை அப்படியே பயன்படுத்த வேண்டும். பிரிவுகள் 11, மொத்தம் நிலையானது என்பதற்காக ஒன்றையும், சராசரியைத் தரவிலிருந்தே எடுத்ததற்காக இன்னொன்றையும் கழித்தால், கட்டின்மைக் கூறுகள் (degrees of freedom, தடையின்றி மாறக்கூடிய பிரிவுகளின் எண்ணிக்கை) 9. பலர் இரண்டாவதைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். மறந்தால் பொருத்தம் உள்ளதைவிட நன்றாகத் தோன்றும். 9 கூறுகளுக்கு 5 சதவீத மட்டத்தின் எல்லை (மாதிரி சரியாக இருந்தால் 5 சதவீத வாய்ப்பில் மட்டுமே தாண்டப்படும் மதிப்பு) 16.92; நமக்குக் கிடைத்த 12.9 அதைவிடக் குறைவு என்பதால், மாதிரியை நிராகரிக்க இடமில்லை.

ஆனால் இந்த ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். 8 துகள் பிரிவில் 67.9 எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 45 மட்டுமே பதிவாகியிருக்கிறது, மொத்த 12.9-இல் 7.7 இந்த ஒரே பிரிவிலிருந்து வருகிறது. வேறுபாட்டை எதிர்பார்த்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் −2.8. அதன் இருபுறமும் உள்ள 7, 9 பிரிவுகள் நன்றாகப் பொருந்தும்போது, பதினோரு பிரிவுகளில் ஒன்று மட்டும் இப்படி விலகுவது மாதிரியைக் கைவிடப் போதிய காரணம் அல்ல; எனினும் விலகலைக் குறிப்பிட்டே அறிக்கை எழுத வேண்டும்.

கூடவே, பரவற்படியை (variance, சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களின் சராசரி) சராசரியோடு ஒப்பிடுங்கள்: பாய்சான் பரவலில் இரண்டும் சமம். இங்கே பரவற்படி 3.70, அதாவது விகிதம் 0.95. உங்கள் தரவில் விகிதம் 1-ஐவிடத் தெளிவாக மிகுந்தால், சோதனை நடந்த நேரத்தில் சராசரியே மாறியிருக்கலாம், அல்லது நிகழ்வுகள் கொத்துக் கொத்தாக வந்திருக்கலாம். அப்போது பரவற்படி சராசரியைவிட மிகுந்திருக்க இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலை (negative binomial) முயன்று பார்க்கலாம். தெளிவாகக் குறைந்தால், நெருங்கி வரும் நிகழ்வுகளைக் கருவி தவறவிடுகிறதா என்று முதலில் ஆராயுங்கள்.